அறைத் தோழிக்கு ஒரு பதில்

அன்புத் தோழிக்கு,

இதை உன் ஆபீஸ் மெயிலுக்கு அனுப்புகிறேன், வீட்டில் வைத்துத் திறக்காதே. உன் வீட்டுக்காரர் அடிப்பதைப் பற்றி, மொட்டைமாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் நீ பேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டேன், அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சின்னவள் பத்தாவது எழுதப்போகிறாள், மற்ற கதையெல்லாம் அப்புறம்.

"அவர் நார்சிசிஸ்டா, பார்டர்லைனா, நீ சொல்லுடி" என்று கேட்கிறாய். தன்னை மட்டுமே பெரிதாக நினைக்கிறவரா, இல்லை என் வீட்டுக்காரருக்கு இருக்கிற கோளாறா என்று. அதை நான் சொல்ல முடியாதுடி. என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், உன் வீட்டோடு எது பொருந்துகிறது என்று நீயே பார்.

தங்கச்சி வளைகாப்புக்கு நான் மட்டும் போயிருந்தேன். வளையல் அடுக்கும் நேரம் போனைப் பையில் போட்டுவிட்டேன், எடுத்துப் பார்த்தால் என் வீட்டுக்காரரின் 41 மிஸ்டு கால். முதல் மெசேஜ் "சாப்டியா", நடுவில் "என்னை விட்டுட்டுப் போயிட்ட, எனக்குத் தெரியும்", கடைசியில் "நீ வரவே வேண்டாம்". ராத்திரி திரும்பினால் வாசற்படியில் என் பழைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அழுததைவிட அவர் அழுததுதான் அதிகம். மறுநாள் காலை மல்லிகைப்பூவோடு வந்தார், நான் தெய்வம். சாயங்காலம் போன் எடுக்கக் கொஞ்சம் தாமதமானது, நான் துரோகி.

குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்றார் மாமியார். முதலில் பார்த்த டாக்டர் தூக்க மாத்திரை எழுதித் தந்ததோடு சரி. இப்படியே 3 வருஷம் போய்விட்டது. அப்புறம் பார்த்த மனநல மருத்துவர்தான் பல வாரம் எங்களிடம் தனித்தனியாகப் பேசிவிட்டு பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு என்றார். மொத்தம் 9 அறிகுறிகளாம், அதில் குறைந்தது 5 இருக்க வேண்டும்: விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம், ஒருவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடிவிட்டுக் கீழே போடுவது, மணிக்கணக்கில் மாறும் மனநிலை, உள்ளுக்குள் வெறுமை, தன்னையே காயப்படுத்திக்கொள்வது, இப்படி. அதுவும் ஒரு சண்டையில் வந்து போவதாக இருக்கக்கூடாது, இளவயதிலிருந்தே தொடர்ந்து, பல இடங்களிலும் தெரிய வேண்டும். அவருக்கு அப்படித்தான், வேலையிலும் நண்பர்களிடமும் இதே கதை.

சிகிச்சைக்கு வரவே மாட்டேன் என்றவர். டிபிடி என்ற பேச்சு சிகிச்சையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன், இளவயதில் தானே இப்படி அவதிப்பட்டதை 2011இல் வெளிப்படையாகச் சொன்னதைப் படித்த பிறகுதான் "சரி, போகலாம்" என்றார். முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் போன வாரம் நான் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரே ஒரு மெசேஜ்தான் வந்தது: "பயமா இருக்கு, எப்ப வருவ?" அதைப் படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இப்போது உன் விஷயம். ஆபீஸில் தங்கமான மனுஷன், அவர் அம்மா எதிரில் பரம சாது, கதவைச் சாத்தினால் மட்டும் கை நீளுகிறது என்கிறாய். யாரிடம் அடங்க வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறதே! அதற்கு என்ன பெயர் என்று மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். அந்தப் பெயர் தெரிகிறவரை நீ அடி வாங்கிக்கொண்டிருக்க வேண்டுமா? நோயே என்றாலும் சிகிச்சைக்குப் போக வேண்டியது அவர், தாங்கிக்கொள்வது உன் வேலையில்லை.

181க்கு ஆபீஸிலிருந்து கூப்பிடு, பெண்களுக்கான உதவி எண். 2005ஆம் வருஷக் குடும்ப வன்முறைச் சட்டப்படி அந்த வீட்டில் இருக்க உனக்கு உரிமை உண்டு, சட்ட நடைமுறை இல்லாமல் உன்னை வெளியே தள்ள முடியாது. மனசு தாங்காத நேரத்தில் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். உன் சர்டிபிகேட், பேங்க் பாஸ்புக், பிள்ளையின் ஆதார் மூன்றையும் நாளைக்கே ஆபீஸ் டிராயருக்குக் கொண்டுவந்துவிடு.

எங்கள் மாடி அறையைப் பெருக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். எந்த நேரமானாலும் கிளம்பி வா, போன் பண்ணிவிட்டு வரவேண்டும் என்றுகூட இல்லை.

உன்
ரூம்மேட்