பள்ளி வாசலில் மாவா விற்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தாராவி 90 அடி சாலைப் பக்கம் பள்ளி விடுகிற நேரத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். மீசைகூட முளைக்காத பையன் சீருடையோடு பான் கடையில் சில்லறையை நீட்டுகிறான், கடைக்காரர் வயதே கேட்காமல் பாக்கு, புகையிலை, சுண்ணாம்பைப் பிளாஸ்டிக் தாளில் வைத்துத் தேய்த்து, ரப்பர் பேண்டு சுற்றிக் கொடுத்துவிடுகிறார். இதுதான் மாவா. மகாராஷ்டிரத்தில் குட்காவுக்குத் தடை வந்தது 2012இல். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது, பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் விற்கவே கூடாது என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டம். சிறார் நீதிச் சட்டப்படி சிறுவனுக்குப் புகையிலை கொடுத்தால் 7 ஆண்டு வரை சிறை. அப்புறம் எப்படி விற்கிறார்கள்?

பையனை மட்டும் திட்டிப் பயனில்லை. "போய் ஒரு மாவா வாங்கிட்டு வாடா" என்று அனுப்புவதே வீட்டுப் பெரியவர்கள்தானே! போதாக்குறைக்குப் பெரிய நடிகர்கள் ஏலக்காய் விளம்பரம் என்று வந்து புகையிலைப் பொட்டலத்தின் பெயரைப் பிள்ளைகள் மனதில் பதிய வைக்கிறார்கள். 2019 தேசியக் கணக்கெடுப்பில் 13 முதல் 15 வயது மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் புகையிலை பழகியிருந்தார்கள். பாக்கு மென்று மென்று வாயைத் திறக்கவே முடியாமல் போகிற நோய் இளவயதிலேயே வருகிறது, புற்றுநோய்க்கும் அது வழி.

மாநகராட்சியும் போலீசும் பள்ளி விடும் நேரத்தில் வந்து அந்தக் கடைகளை எடுக்க வேண்டும். நம் தமிழ் அமைப்புகளும் வார்டு அலுவலகத்தில் மனு கொடுக்கட்டும், கையெழுத்துப் போட நான் தயார்.

ஒரு வாசகர்,
தாராவி, மும்பை