பலகை தந்தவர்களுக்கும் காய் நகர்த்தியவர்களுக்கும்

கும்பகோணம் நகரப் பெருமக்களுக்கும், தாராசுரம், சுவாமிமலை, பாபநாசம், ராஜகிரி ஆகிய ஊர்களிலிருந்து வந்து சிறப்பித்த அன்பர்களுக்கும் எங்கள் தெரு வாசகசாலையின் பணிவான வணக்கம்.

கோடை விடுமுறையின் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் நடத்திவந்த பலகை விளையாட்டுக் கூடுகை, மேட்டூர் அணையைத் திறப்பதற்கு முந்தைய ஞாயிறன்று காவிரி மணலில் இனிதே நிறைவுற்றது. தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம், சொக்கட்டான், பரமபதம், கேரம் என்று அவரவர் வீட்டுப் பரணிலிருந்து இறங்கி வந்த விளையாட்டுகளைத் தமிழும் சௌராஷ்டிரமும் மராத்தியும் இந்தியும் நேபாளியும் பேசுகிற குடும்பங்கள் ஒரே பாயில் சம்மணமிட்டு ஆடியதற்குப் பின்னால் எத்தனையோ பேருடைய உழைப்பும் பெருந்தன்மையும் இருக்கின்றன. அவர்களுக்கு நேரில் சொன்ன நன்றி போதாது என்று குழுவினர் கருதியதால் இம்மடல் எழுதப்படுகிறது. தனி மனிதர்களின் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டபடியால், செய்த உதவியை மட்டும் சொல்கிறோம். யாரைச் சொல்கிறோம் என்பது உரியவர்களுக்குத் தெரியும்.

முதல் நன்றி, இடம் தந்தவருக்கு. வைகாசி முகூர்த்தங்களால் மண்டபங்கள் எல்லாம் நிரம்பியிருந்த நேரத்தில், கூடம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்த ஓர் அமைப்பு, யார் யாரெல்லாம் வருவார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகு, சாவி கிடைக்காது என்று சொல்லி அனுப்பிவிட்டது. அதைப் பற்றி மேலும் பேச விருப்பமில்லை. மறுநாளே, ஓட்டத்தை நிறுத்திப் பல ஆண்டுகளான தம் அரிசி ஆலையின் நெற்களத்தையும் அதை ஒட்டிய ஓட்டுக் கொட்டகையையும் வாடகையின்றித் திறந்துவிட்ட பெரியவர், ஒவ்வொரு ஞாயிறும் மூன்று மணிக்கே ஆள் வைத்துக் களம் முழுவதும் தண்ணீர் தெளித்துச் சூடு தணித்து வைத்திருந்தார். அந்தச் சிமெண்டுத் தரையில் மே மாத வெயிலுக்குப் பின் வெறுங்காலை வைத்தவர்களுக்குத்தான் அதன் அருமை புரியும்.

அடுத்து, கூடுகையின் போக்கையே நிர்ணயித்த ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில், தஞ்சையில் மராத்திய அரசை நிறுவிய வெங்கோஜியின் படையோடு வந்து, 1855-இல் தஞ்சையின் கடைசி மராத்திய மன்னரான இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்து அரசே முடிந்த பிறகும் சோழநாட்டிலேயே தங்கிவிட்ட மராத்திக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த அம்மையார் அவர். முதல் மாலையில் தாயப் பலகையைச் சுற்றி ஒரே சத்தம். தாயம் விழுந்தால்தான் காய் இறக்கலாம் என்றது ஒரு கட்சி. ஐந்து விழுந்தாலும் இறக்கலாம் என்றது இன்னொன்று. எதிரியின் காயில் ஒன்றையாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குள் நுழையக் கூடாது என்று தாராசுரத்துப் பெண்கள் பிடிவாதமாக இருந்தார்கள். அப்படி ஒரு சட்டத்தைத் தாங்கள் கேள்விப்பட்டதே இல்லை என்று பாபநாசத்துக்காரர்கள் மறுத்தார்கள். எல்லாருக்கும் பொதுவான விதிகளை அச்சடித்து ஒட்டிவிடலாம் என்ற யோசனை எழுந்தபோதுதான் அந்த அம்மையார், "பலகை யார் வீட்டிலிருந்து வந்ததோ அந்த வீட்டு விதிதான் அந்தப் பலகைக்கு, மற்றவர்கள் கற்றுக்கொண்டு ஆடட்டும்" என்று ஒரே வார்த்தையில் வழக்கை முடித்து வைத்தார்.

இந்தத் தீர்ப்பின் விளைவு நாங்கள் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. தன் வீட்டு விதியில் கெட்டிக்காரராக இருந்தவர், பக்கத்துப் பலகைக்குப் போனதும் சிறுபிள்ளை போல ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சொல்லிக் கொடுப்பவர் பேச்சை நிறுத்திக் காயைக் கையில் எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. கேட்பதும் காட்டுவதுமாக இரண்டு மூன்று ஆட்டங்கள் முடிவதற்குள், எந்த ஊர், என்ன தொழில், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்ற விசாரிப்பெல்லாம் தானாக நடந்து முடிந்துவிட்டது. அச்சடித்த விதிகள் இருந்திருந்தால் யாரும் யாரிடமும் பேசத் தேவையே இருந்திருக்காது.

தாராசுரத்து நெசவாளர் குடும்பத்துக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது. சொக்கட்டானுக்குச் சிலுவை வடிவத் துணி வேண்டும். நான்கு கைகள், ஒவ்வொரு கைக்கும் மூன்று வரிசை, வரிசைக்கு எட்டுக் கட்டம், ஆக 96 கட்டங்கள் அமைய வேண்டும். சதுரங்களைத் துணியில் கோடு போட்டுத் தைப்பதாக இருந்தோம். தறியில் ஊடை பிசகி விற்பனைக்கு ஆகாமல் நின்றுபோன ஒரு கட்டம்போட்ட பட்டுத் துணியைக் கொண்டுவந்து விரித்த அந்தக் குடும்பத்துப் பெரியம்மா, "கட்டத்தைத்தான் நெய்தே வைத்திருக்கிறோமே, நீங்கள் எதற்குக் கோடு போடுகிறீர்கள்" என்றார். ஜரிகை இழை ஓடிய கட்டங்களை எண்ணிக் கத்தரித்து, ஓரம் மடித்துத் தைத்து, நடுவில் காய்கள் பழமாகி இறங்கும் இடத்துக்கு முந்தானைத் துண்டு ஒன்றைப் பொருத்தி, இரண்டு நாளில் கையில் கொடுத்துவிட்டார்கள். பிசகு விழுந்த இடம் கீழ்க்கையின் கடைசி வரிசையில் இன்றும் தெரிகிறது. அந்தக் கட்டத்தில் நிற்கும் காயை வெட்டக் கூடாது என்பது இப்போது எங்கள் களத்தின் தனிச் சட்டமாகிவிட்டது.

பித்தளைத் தாயக்கட்டைகளை வார்த்துக் கொடுத்தவர் எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர். குத்துவிளக்கும் குடமும் வார்க்கிற கைக்கு இது ஒரு வேலையா என்று நினைத்துப் போனோம். நான்கு பக்கங்களில் ஒன்றை வெறுமையாக விட்டு மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளி குத்துவதோடு அவர் விடவில்லை. ஒவ்வொரு சோடியையும் பட்டறை வாசலிலிருந்த கருங்கல்லில் திரும்பத் திரும்ப உருட்டிப் பார்த்து, ஒரே பக்கமாகச் சாய்கிற கட்டையை அரத்தால் ராவி, மறுபடி உருட்டி, மனம் ஒப்பிய பிறகே தந்தார். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறு உருட்டல் உண்டல்லவா. கட்டை நேர்மையாக இல்லாவிட்டால் ஒருவரே உட்கார்ந்து உருட்டிக்கொண்டிருப்பார், மற்றவர்கள் கொட்டாவி விட வேண்டியதுதான் என்பது அவர் கணக்கு. கூலி எவ்வளவு என்று கேட்டதற்குப் பித்தளையின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ரஜூலா கப்பல் போய்வந்த காலத்தில் மலாயாவில் கடை வைத்திருந்த பாட்டனாரின் நினைவாகத் தோணி வடிவப் பல்லாங்குழிப் பலகை ஒன்றைப் போற்றிவைத்திருந்த ராஜகிரிக் குடும்பத்தார், அதை எங்கள் களத்துக்கு அனுப்பியதோடு ஆட ஆளையும் அனுப்பினார்கள். சொங்காக் எனப்படும் அந்த மலாய்ப் பலகையிலும் பக்கத்துக்கு ஏழு குழிகள்தான். ஆனால் இரு முனைகளிலும் ஆளுக்கொரு பெரிய குழி கூடுதலாக இருக்கிறது, முத்துகளைப் போட்டுக்கொண்டு வரும்போது நம் பெரிய குழியிலும் ஒன்றைப் போட்டுச் சேமிக்க வேண்டும். நம்முடைய பதினான்கு குழிப் பலகையில் வெறுங்குழியைத் துடைத்து அடுத்ததை அள்ளியும், நான்கு சேர்ந்தால் பசு என்று எடுத்தும் பழகிய வலங்கைமான் பாட்டி ஒருவர், இந்தச் சேமிப்புக் குழியைக் கண்டு முதலில் முகம் சுளித்தார். ஆட்டத்துக்கு நடுவிலேயே உண்டியலா என்பது அவருடைய ஆட்சேபணை. மூன்றாம் வாரம் அவரே ராஜகிரிப் பெண்ணை அந்தப் பலகையில் தோற்கடித்துவிட்டு, பரிசாக அந்த வீட்டு வட்டலப்பத்தைத் தூக்குவாளியோடு வாங்கிப் போனார். தூக்குவாளியைத் திருப்பிக் கொடுத்தபோது அதில் வெறுமையாக அனுப்பக் கூடாதென்று அதிரசம் வைத்திருந்தார் என்று அறிகிறோம்.

இரவில் விசில் ஊதிக்கொண்டு எங்கள் தெருக்களைக் காத்துவரும் கூர்க்காவுக்கு இந்த ஊர் இதுவரை மாதாமாதம் சில ரூபாய் நோட்டுகளைத் தவிர வேறெதுவும் கொடுத்ததில்லை. ஆடுபுலி ஆட்டம் நடப்பதை எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு மாலை சாக்பீஸ் கேட்டு வாங்கி, களத்துத் தரையில் பக்கத்துக்கு ஐந்து புள்ளியாக ஒரு சதுரத்தை வரைந்தார். நம் ஆட்டத்தில் மலை போன்ற முக்கோணத்தில் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் என்றால், அவர் நாடான நேபாளத்தின் பாக்சால் ஆட்டத்தில் நான்கு மூலைக்கு நான்கு புலிகள், எதிரில் இருபது ஆடுகள். ஐந்து ஆடுகளைப் புலி தாண்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது. புலிகள் நகர வழியின்றி அடைபட்டால் ஆடு வென்றது. ஆடுகளை எல்லாம் இறக்கி முடிக்கும்வரை எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது என்பது இரண்டுக்கும் பொது. பள்ளி ஆசிரியர்கள் உட்பட எங்களில் ஒருவராலும் அவருடைய புலிகளை நெடுநாள் அடைக்க முடியவில்லை. ஞாயிறு இரவுகளில் அவர் நிதானமாக உட்கார்ந்து ஆடுவதற்காக, தெரு இளைஞர்கள் முறை வைத்துக்கொண்டு தடியும் விசிலுமாகச் சுற்றி வந்தார்கள். அந்த இளைஞர்களுக்கு எங்கள் தனிப்பட்ட நன்றி உரித்தாகுக. அகால நேரத்தில் ஆர்வமிகுதியால் ஊதப்பட்ட விசில்களுக்காகத் தூக்கம் கெட்ட தெருவாசிகளுக்கும் அவ்வாறே.

மூன்று தலைமுறைக்கு முன் ராஜஸ்தானிலிருந்து வந்து பெரிய கடைத்தெருவில் வணிகம் செய்யும் சமணக் குடும்பத்தார், 84 கட்டங்கள் கொண்ட தங்கள் ஏணிப் பாம்புப் படத்தைப் படியெடுத்துக் கொள்ள அனுமதித்தார்கள். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் ஆடிய நம் வீட்டுப் பெரியவர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து, எந்தப் பாவத்துக்கு எந்தப் பாம்பு என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்ததில் ஆட்டமே தொடங்காமல் இரண்டு மாலைகள் கழிந்தன. தேவாலய இளைஞர் குழுவினர் கேரம் பலகைகளையும், அதற்கான பவுடரையும், விளக்குக் கட்டுவதற்கான கம்பங்களையும் கொடுத்து உதவினார்கள். சோழிகளும் கழுவிக் காயவைத்த புளியங்கொட்டைகளும் எத்தனை வீடுகளிலிருந்து வந்தன என்று கணக்கே இல்லை. நீர்மோரும் பானகமும் கரைத்தவர்களுக்கும், கடைசி நாளன்று இட்லிக்குக் கடப்பா வைத்துக் கொடுத்த சமையற்காரருக்கும், மைக் வாடகையைத் தள்ளுபடி செய்தவருக்கும் நன்றி. அந்த மைக், தொலைந்த செருப்புகளை அறிவிப்பதற்கு மட்டுமே பயன்பட்டது. ஒற்றுமையைக் குறித்துச் சிறப்புரை ஆற்ற முன்வந்த பிரமுகர்கள் இருவரை, உரையாற்றுவதற்குப் பதிலாக ஓர் ஆட்டம் ஆடித் தோற்றுவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொண்டோம். அதை ஏற்றுக்கொண்ட அவர்களுக்கும் எங்கள் நன்றி.

நிறைவு நாள் ஆட்டத்தை ஆற்றிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றவர்கள் பிள்ளைகள். ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் ஆடிப்பெருக்கு தாண்டியும் அந்த மணலைப் பார்க்க முடியாது என்ற அவர்கள் வாதத்துக்கு மறுப்பில்லை. படித்துறைக்கு எதிரே வேலிக்கருவையையும் கண்ணாடிச் சில்லுகளையும் அகற்றி இடத்தைத் துப்புரவாக்கித் தந்த தூய்மைப் பணியாளர்கள், விடுமுறை நாளின் காலைப் பொழுதை எங்களுக்காகக் கொடுத்தார்கள். வேலை முடிந்து கிளம்பிவிடாமல் மாலையில் குடும்பத்தோடு வந்து ஆடினார்கள் என்பதே எங்களுக்குப் பெருமை. உலர்ந்த மணலில் குழி தோண்டினால் சரிந்துவிடும் என்பதால் கரையோரத் தோட்டக்காரர் தம் பம்புசெட்டிலிருந்து குழாய் போட்டு மணலை நனைத்துக் கொடுத்தார். அதில் பிள்ளைகள் பதினான்கு பதினான்காகக் குழித்துக்கொண்டே போன பல்லாங்குழிகள் கரையிலிருந்து பார்க்கையில் நெடுக நீண்டிருந்தன. ஆடுபுலி உச்சத்தில் இருந்த வேளையில் மெய்யான ஆடுகள் சில மேய்ச்சலிலிருந்து திரும்பும் வழியில் புகுந்து, காய்களாக வைத்திருந்த புளியங்கொட்டைகளைத் தொடாமல் சுண்டல் பொட்டலங்களை மட்டும் காலி செய்தன. அந்த நேரத்தில் எந்தப் புலியும் உதவிக்கு வரவில்லை.

வரவு செலவுக் கணக்கு வாசகசாலைச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளது. மீந்த தொகையில் பாய்கள் வாங்கப்படும். இரவல் தந்தவற்றுள் தோணிப் பலகையும் கேரம் பலகைகளும் உரியவர்களிடம் பத்திரமாகச் சேர்ப்பிக்கப்பட்டன. பட்டுச் சொக்கட்டானை வாசகசாலையிலேயே வைத்துக்கொள்ளுமாறு தாராசுரத்தார் சொல்லிவிட்டார்கள்; யார் வேண்டுமானாலும் பதிவேட்டில் கையெழுத்திட்டு ஒரு வாரத்துக்கு எடுத்துச் செல்லலாம், காப்பி சிந்தாமல் திருப்பித் தந்தால் போதும். வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபதத்துக்காக மீண்டும் அதே கொட்டகையைத் திறந்துவிட ஆலைக்காரப் பெரியவர் இசைந்திருக்கிறார். இறுதியாக, பித்தளைத் தாயக்கட்டைகளில் ஒரு சோடியில் ஒற்றை மட்டும் காணவில்லை. வைத்திருப்பவர் வாசகசாலைத் திண்ணையில் எந்நேரமும் வைத்துவிட்டுப் போகலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டோம்.

என்றும் நன்றியுடன்,
கூடுகைக் குழுவினருக்காக,
செயலர், தெரு வாசகசாலை,
கும்பகோணம்.