அப்பா சொன்ன எட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய் மருந்துகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை பயனுள்ளது. ஆனால், ‘இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற நிலையில் பாலியேட்டிவ் கேர் தரப்படும்’ என்று அதில் இருந்த ஒரு வரியை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த எண்ணம் பரவலாக இருப்பதால்தான், நோயின் வலியையும் அவதியையும் தணிக்கும் இந்த ஆதரவுச் சிகிச்சை யாருக்குத் தேவை என்பதே காலம் கடந்து கண்டறியப்படுகிறது.

என் தந்தைக்கு நுரையீரல் புற்றுநோய் இருந்தது. ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று மருத்துவர் ஒவ்வொரு முறையும் கேட்பார். ‘பரவாயில்லை டாக்டர்’ என்பார் அப்பா. எஞ்சிய நேரம் ஸ்கேன் படத்தைப் பார்ப்பதில் போய்விடும். வீட்டிலோ, படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே இரவைக் கழித்தார். இடுப்பில் நிற்காத பெல்ட்டில் ஆணியால் இரண்டு துளைகள் போட்டுக்கொண்டார். இவை எதுவும் மருத்துவக் குறிப்பில் ஏறவில்லை. ஏழு மாதம் கழித்து ஒரு செவிலியர், வலி, களைப்பு, குமட்டல், பசியின்மை, மூச்சுத்திணறல், மனச்சோர்வு, பதற்றம் என ஒவ்வொன்றாகச் சொல்லி, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் தரும்படி கேட்டார். மூச்சுத்திணறலுக்கு அப்பா எட்டு என்றார். பக்கத்தில் இருந்த எனக்கே அது செய்தி.

1991-இல் கனடாவின் எட்மன்டன் நகரத்து மருத்துவர்கள் வெளியிட்ட வினாத்தாளைத்தான் அந்தச் செவிலியர் பயன்படுத்தினார். நிரப்பச் சில நிமிடங்கள் போதும். ‘இந்த நோயாளி ஓராண்டுக்குள் இறந்துபோனால் எனக்கு வியப்பாக இருக்குமா?’ என்று மருத்துவர் தம்மையே கேட்டுக்கொள்ளும் முறையும் உண்டு. அது உதவக்கூடியதே என்றாலும், ஆயுளைத்தான் அளக்கிறதே தவிர அவதியை அளப்பதில்லை. பல ஆண்டுகள் வாழப்போகிறவருக்கும் இன்றிரவு தாங்க முடியாத வலி இருக்கலாம். எடை குறைந்துகொண்டே போவது, பகலில் பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ கழிவது, திட்டமிடாமல் திரும்பத் திரும்ப மருத்துவமனையில் சேர நேர்வது ஆகிய, இந்தச் சிகிச்சை தேவை என்பதைக் காட்டும் அடையாளங்களை வீட்டார் எளிதில் கவனிக்க முடியும். நோயாளியோ குடும்பத்தாரோ அதைக் கேட்பதும் போதிய காரணமே.

நோய் பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2010-இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையுடன் தொடக்கத்திலேயே பாலியேட்டிவ் கேரும் பெற்றவர்களின் வாழ்க்கைத் தரம் மேம்பட்டிருந்தது, மனச்சோர்வு குறைந்திருந்தது, இடைநிலை ஆயுட்காலமும் (பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்த காலம்) வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் 8.9 மாதங்களுக்கு எதிராக 11.6 மாதங்களாக இருந்தது. ஒன்றை நிறுத்தித்தான் மற்றொன்றைத் தொடங்க வேண்டும் என்ற நினைப்பு தவறு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அப்பாவுக்கும் கீமோதெரபி தொடர்ந்தது. அதோடு மூச்சுத்திணறலைத் தணிக்கக் குறைந்த அளவு மார்ஃபினும், முகத்தில் காற்றுப் படும்படி ஒரு சிறு மின்விசிறியும் சேர்ந்தன. பத்து நாட்களில் அவர் படுத்து உறங்கினார். முந்தைய ஏழு மாத இரவுகளை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

எடையையும் இரத்த அழுத்தத்தையும் குறிப்பதைப் போல, புற்றுநோய்ப் பிரிவுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு வருகையிலும் இந்த எண்களைக் கேட்டுக் குறித்துவைக்க வேண்டும். பேச முடியாதவர்களுக்காக உடனிருந்து பார்த்துக்கொள்பவரைக் கேட்கலாம். அந்த வினாத்தாளின் கேள்விகளைத் தங்கள் இதழில் ஒரு பக்கமாக வெளியிட்டால், வாசகர்கள் அதைக் கத்தரித்து நிரப்பி மருத்துவரிடம் எடுத்துச் செல்வார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகர்