முழுப் பேர் போடுங்கள்: முகம் காட்டாத இசைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

முகமூடித் தோழர்களே,

தம்பி என்பதா, தங்கச்சி என்பதா? நீங்கள் எத்தனை பேர், ஹட்டனா, பதுளையா, கொழும்பா, ஒன்றும் தெரியாது. சொல்லுங்கள் என்று கேட்கவும் இல்லை.

மன்மதன், ரதி கதையை ஆடுகிற எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தை வைத்து நீங்கள் செய்த வீடியோவை நாலு தரம் பார்த்துவிட்டேன். தப்பு மேளத்தை நெருப்பில் காய்ச்சக் காய்ச்சத் தோல் இறுகி, சத்தம் மெல்ல ஏறுமே, அதை வெட்டாமல் அப்படியே விட்டுவிட்டு, அதன் அடியில் மின்னிசையின் அதிர்வை நுழைத்திருக்கிறீர்கள். காது உள்ளவர் வேலை. (தேயிலை மலைக்கு மேலே ட்ரோன் பறப்பதை மட்டும் விட்டிருக்கலாம். கல்யாண வீடியோக்காரரும் அதைத்தான் எடுக்கிறார்.)

தப்படிக்கிறவர் என் பெரியப்பா. படம் பிடிக்கும்போது கேட்டீர்களாம், தலையாட்டினாராம். அதில் குறையில்லை. ஆனால் நீங்கள் எல்லோரும் முகமூடிக்குள் இருக்க, அவர் முகம் மட்டும் திரை நிறைய வருகிறது, பேரில்லாமல். கடைசியில் ஓடும் எழுத்தில் கமராவுக்குப் பேர் இருக்கிறது, மென்பொருளுக்கும் இருக்கிறது. அவருக்கு, ‘தோட்டத்துக் கலைஞர்கள்’.

பேரைத் துறப்பதில் உங்களுக்கு ஒரு நியாயம் இருக்கலாம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் என்ற டெக்னோ இசைக் குழுவினரும் ஆளைப் பார்க்காதே, இசையைக் கேள் என்றுதான் முகத்தை மூடினார்கள். எங்கள் கதை வேறு. இங்கே பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். சொன்ன கிலோ கொழுந்து வராவிட்டால் செக்ரோல் என்கிற பதிவேட்டில் அரைப் பேர். 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான எங்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பங்கு போட்டார்கள். அந்தப் பங்கிலும் ‘பேர்’ வெறும் கணக்குத்தான். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கிற இடத்துக்கு, ஆள் கூப்பிடத் தப்படித்த என் தாத்தாவின் பேர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அப்படிப்பட்டவரின் மகனைத்தான் நீங்களும் பேரில்லாமல் விட்டிருக்கிறீர்கள்.

உங்கள் துறையிலேயே இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1969இல் வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்க இசைக் குழுவின் டிரம்ஸ்காரர் கிரிகரி கோல்மன் அடித்த ஏழு செக்கன் அடியை வெட்டி ஒட்டி ஆயிரக்கணக்கான பாட்டுகள் வந்தன. அதற்கென்று ஒரு சதம் கூடக் கிடைக்காமல் 2006இல் அவர் இறந்துபோனார். இதை எனக்கு முன்பே நீங்கள் அறிந்திருப்பீர்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். தப்போடு சாதியும் ஒட்டிக்கொண்டு வருகிறது. ‘தப்படிக்கிறவன் மகன்’ என்று பள்ளிக்கூடத்தில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். அதனால் பேர் வேண்டாம், எனக்கும் ஒரு முகமூடி கொடு என்று பெரியப்பாவே சொன்னாலும் சொல்லலாம். சொல்லட்டும். முகத்தை மூடுவதா திறப்பதா என்று நீங்கள் உங்களுக்கு முடிவு செய்துகொண்டீர்கள். அவருக்கும் நீங்களே முடிவு செய்ததுதான் உறுத்துகிறது. காமன் கூத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு ரதியாக வருகிறவனைக்கூட இன்னார் மகன் என்று தோட்டமே அறியும்.

அதனால்தான் அவர் பேரை இந்த மடலிலும் நான் எழுதவில்லை. நேரில் வந்து அவரிடமே கேளுங்கள். வீடியோவில் காசு வந்திருந்தால் அதையும் பேசுங்கள். மாலை 5 மணிக்குப் பிறகு லயத்து வீட்டு வாசலில்தான் உட்கார்ந்திருப்பார். முகமூடியோடு வந்தாலும் தேத்தண்ணி உண்டு.

இப்படிக்கு,
அவருடைய தம்பி மகன்