பெங்கால்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்: இந்தத் தடவையாவது ஒரு கார்டு எடுங்க

மதிப்பிற்குரிய மைக் பிரவுன் ஐயா, கேட்டி பிளாக்பர்ன் மேடம், டியூக் டோபின் சார்,

வணக்கம். வர்ற வியாழக்கிழமை, 2025 ஏப்ரல் 24, கிரீன் பேல என்எஃப்எல் டிராஃப்ட் (அமெரிக்கக் கால்பந்து டீமுங்க காலேஜ் வீரர்கள முறை வச்சு எடுக்கறது) ஆரம்பிக்குது, 17-வது பிக் நம்ம சின்சினாட்டி பெங்கால்ஸோடது. இந்த வருஷம் நம்ம கைல மொத்தமே ஆறு பிக்தான், ஒண்ணக்கூட வீணாக்க முடியாத நிலைமை. அதனால சுத்தி வளைக்காம முதல்லயே கேட்டுடறேன். முதல் ரெண்டு ரவுண்டுக்குள்ள ஒரு நல்ல கார்டு (நம்ம லைன்ல நின்னு எதிராளிய மறிக்கறவர்) எடுங்க, முடிஞ்சா அந்த 17-லயே எடுங்க. நம்ம குவார்ட்டர்பேக் (பந்த எறியறவர்) ஜோ பர்ரோவுக்கு முன்னாடி, லைனோட நடுவுல, நின்னு தாங்கறதுக்கு ஆள் வேணும்.

நான் சின்சினாட்டி பக்கத்துல ப்ளூ ஆஷ்ல இருக்கேன். இங்க பக்கத்துல இருக்கற சில தமிழ்க் குடும்பங்க சேர்ந்துதான் ஞாயித்துக்கிழமை மேட்ச் பாப்போம். மார்ச் மாசத்துல இருந்து எங்களுக்குள்ள ஓயாத வாக்குவாதம். ஒருத்தருக்கு எட்ஜ் ரஷர்தான் (ஓரத்துல இருந்து பாஞ்சு எதிரணி குவார்ட்டர்பேக்கப் புடிக்கறவர்) வேணும், டெக்சாஸ் ஏ அண்ட் எம் ஷெமார் ஸ்டூவர்ட்டோட உடம்பையும் வேகத்தையும் பாத்து அவர் மயங்கிட்டார். இன்னொருத்தர் ஜார்ஜியா சேஃப்டி மலாக்கி ஸ்டார்க்ஸ்தான்னு ஒத்தக்கால்ல நிக்கறார். டிஃபென்ஸ் டேக்கிள் வேணும்னு சொல்றவங்களும் இருக்காங்க. யாருமே தப்பா பேசல. போன சீசன் நடந்தத பாத்தவங்க வேற எப்படிப் பேசுவாங்க, வாஷிங்டன்கிட்ட 33 பாயிண்ட் எடுத்துத் தோத்தோம், பால்டிமோர்கிட்ட ஒரு தடவ 38 எடுத்துத் தோத்தோம், இன்னொரு தடவ 34 எடுத்து ஒரே ஒரு பாயிண்ட்ல தோத்தோம், பிட்ஸ்பர்க்கிட்ட நம்ம ஊர்லயே 38 எடுத்து 44 குடுத்தோம். பர்ரோ 43 டச்டவுன் போட்டு லீக்லயே முதல் ஆளு, ரிசீவர் (பந்தப் புடிக்கறவர்) ஜமார் சேஸ் கேட்ச், யார்டு, டச்டவுன் மூணுலயும் முதல் ஆளு, நம்ம எட்ஜ் டிரே ஹென்ட்ரிக்சன் 17.5 சாக் (குவார்ட்டர்பேக் பந்த எறியறதுக்கு முன்னாடியே அவரக் கீழ தள்றது) எடுத்து அதுலயும் முதல் ஆளு, இவ்வளவு இருந்தும் 9-8, பிளேஆஃப் கிடையாது. அதனால டிஃபென்ஸ சரி பண்ணுங்கன்னு ஊரே கத்துது. நானும் அத மறுக்கல. டிஃபென்ஸ் கோச் லூ அனருமோவ மாத்தி அல் கோல்டனக் கொண்டாந்தீங்க, அவருக்கு ஆள் வேணும், குடுங்க.

ஆனா அந்த சத்தத்துல கார்டு விஷயம் அப்படியே அமுங்கிப் போகுது, அதான் எனக்கு பயம். கார்டு அலெக்ஸ் காப்பாவ மார்ச்ல அனுப்பினீங்க, சரிதான், போன வருஷம் அவர் ஆட்டம் எடுபடல. அந்த எடத்துக்கு லூகாஸ் பேட்ரிக்க ஒரு வருஷ காண்ட்ராக்ட்ல கூட்டிட்டு வந்தீங்க. முப்பது வயசத் தாண்டினவர். அவர் மேல எனக்கு எந்தக் குறையும் இல்ல, பெஞ்சுல இருந்தா பெரிய துணை. ஆனா வருஷத்துக்கு 55 மில்லியன் டாலர் வாங்கற குவார்ட்டர்பேக்குக்கு முன்னாடி இவ்வளவுதான் நம்ம ஏற்பாடா?

பர்ரோ வந்த 2020-ல பத்து மேட்ச்ல 32 சாக், பத்தாவது மேட்ச்ல வாஷிங்டன்ல முழங்கால் போச்சு. 2021-ல 51. 2022-ல 41. போன சீசன் 48. இத உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, உங்க ஆபீஸ்ல இதவிட விவரமா இருக்கும். நேர்ல பாக்கறவங்களுக்கு அது எப்படி இருக்கும்னுதான் சொல்ல வர்றேன். டிசம்பர் 28 டென்வர் மேட்ச்க்கு ஸ்டேடியத்துல இருந்தேன். ஜெயிச்சோம், ஓவர்டைம்ல டீ ஹிக்கின்ஸ் மூணாவது டச்டவுன் புடிச்சு 30-24. 400 யார்டுக்கு மேல போட்டார் பர்ரோ. அதே மேட்ச்ல ஏழு சாக். ஒவ்வொரு தடவ அவர் விழும்போதும் பந்து எங்க போச்சுன்னு யாரும் பாக்கல, எழுந்திரிக்கறாரா, எந்தக் காலை ஊணறார், கைய ஒதறறாரான்னுதான் மொத்த ஸ்டாண்டும் பாக்குது. பக்கத்து சீட்ல இருந்த சின்னப் பையன் அவங்க அப்பா சட்டையப் புடிச்சுக்கிட்டான். ஜெயிக்கற மேட்ச்ல கூட இந்த பயத்தோடதான் நாங்க உக்காந்திருக்கணுமா சொல்லுங்க.

2021 டிராஃப்டப் பத்தி இப்பவும் எங்க வீட்ல பேச்சு வரும். அஞ்சாவது பிக்ல ஓரிகன் டேக்கிள் பெனே சூவலா, பர்ரோவோட பழைய கூட்டாளி சேஸான்னு நாடே பிரிஞ்சு நின்னுது. சேஸ எடுத்தீங்க. அது சரியான முடிவு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அன்னைக்கு எங்களுக்கு என்ன சொல்லி சமாதானம் பண்ணாங்க, லைனுக்கு ரெண்டாவது ரவுண்டுல ஆள் கிடைக்கும்னு. ரெண்டாவது ரவுண்டுல 38-ல இருந்து 46-க்கு கீழ எறங்கி ஜாக்சன் கார்மன எடுத்தீங்க, அவர் நிலைக்கவே இல்ல. அதுக்குப் பின்னாடி 63-வது பிக்ல கன்சாஸ் சிட்டி எடுத்தது சென்டர் கிரீட் ஹம்ப்ரி, ஆறாவது ரவுண்டுல எடுத்தது கார்டு டிரே ஸ்மித். அந்த ரெண்டு பேரும் முன்னாடி நிக்கத்தான் அவங்க குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் கையில சாம்பியன் மோதிரம் ஏறிச்சு.

அந்த சீசன் எங்க போய் முடிஞ்சுதுன்னு உங்களுக்கே தெரியும். பிளேஆஃப்ல நாஷ்வில்ல ஒன்பது சாக் வாங்கியும் 19-16 ஜெயிச்சோம், அத வீரம்னு எல்லாரும் கொண்டாடினோம், யாரும் அத எச்சரிக்கையா எடுத்துக்கல. அப்புறம் இறுதி மேட்ச், சூப்பர் பவுல்ல ராம்ஸ்கிட்ட ஏழு சாக். கடைசி ப்ளேய நான் எத்தனையோ தடவ போட்டுப் பாத்துட்டேன். 23-20-ன்னு ராம்ஸ் முன்னாடி, ஒரு நிமிஷத்துக்கும் கம்மியா இருக்கு, ராம்ஸ் 49 யார்டு கோட்டுல நமக்கு நாலாவது டவுன் (கடைசி முயற்சி), ஒரே ஒரு யார்டு வேணும். அந்தப் பக்கம் சேஸ் ஜேலன் ராம்ஸியத் தாண்டி ஓடறார், ராம்ஸி வழுக்கி விழறார், முன்னாடி வெறும் புல்லுதான். பர்ரோ கைல இன்னும் ஒரு நொடி இருந்திருந்தா போதும். ஆனா நடு லைனப் பொளந்துக்கிட்டு ராம்ஸோட ஆரன் டொனால்ட் வந்துட்டார், வந்து பர்ரோவப் புடிச்சு சுத்தினதுல பந்து எங்கயோ போய் விழுந்துது. அஞ்சாவது பிக் எதுக்காக எடுத்தோமோ அது வேலை செஞ்சுது. அத முடிச்சு வைக்க வேண்டிய கார்டு எடத்துல ஆள் இல்ல. 1982, 1989, 2022, மூணு தடவ போய் மூணு தடவையும் வெறுங்கையோட வந்த ஊரு இது.

இன்னொரு பக்கம் அதே மைதானத்துல அன்னைக்கு ராம்ஸுக்காகக் கோப்பையத் தூக்கினது யாரு, ஆண்ட்ரூ விட்வொர்த். 2006-ல நீங்க எடுத்து பதினோரு சீசன் நமக்காக லைன்ல ஆடின மனுஷன். 2017 மார்ச்ல அவரையும் போக விட்டீங்க, அதே வாரத்துல கார்டு கெவின் சைட்லரையும் போக விட்டீங்க. சைட்லர 2012-ல 27-வது பிக்ல நீங்களேதான் எடுத்தீங்க, முதல் ரவுண்டுல கார்டு எடுத்தா என்ன கிடைக்கும்ங்கறதுக்கு நம்ம வீட்லயே சாட்சி இருக்கு. போன சீசன் கூட அவர் டெட்ராய்ட் லைன்ல ஆடிக்கிட்டுதான் இருந்தார். ரெண்டு பேரும் போன அந்த ஏப்ரல்ல ஒன்பதாவது பிக்ல நாம எடுத்தது 40 யார்ட 4.22 நொடில ஓடின ரிசீவர் ஜான் ராஸ். வேகத்தையும் உடம்பையும் பாத்து எடுத்து ஏமாந்த கதை அதோட நிக்கல, 2023-ல முதல் ரவுண்டுல வந்த எட்ஜ் மைல்ஸ் மர்ஃபி போன சீசன் முழுக்க ஒரு சாக் கூட எடுக்கல. ஸ்டூவர்ட் காலேஜ்ல மூணு வருஷத்துல எடுத்தது நாலரை சாக். அந்தப் பையன் நாளைக்கு நல்லா வரலாம், நல்லா வரட்டும். ஆனா 17-வது பிக்ல நமக்குக் காத்திருந்து பாக்கற வசதி இல்ல.

எட்ஜ் இப்ப இவ்வளவு அவசரமா ஏன் வேணும்? சாம் ஹப்பர்ட் ஓய்வு வாங்கிட்டார், அது யார் கைலயும் இல்ல. ஆனா ஹென்ட்ரிக்சன் விஷயம் உங்க கைலதான் இருக்கு. ரெண்டு சீசன் அடுத்தடுத்து 17.5 சாக் எடுத்தவர், காண்ட்ராக்ட் கேட்டா வேற டீம் தேடிக்கோன்னு அனுமதி குடுக்கறீங்க, இந்த சம்பளத்துக்கே அவர் சந்தோஷமா இருக்கலாம்ங்கற மாதிரி மேடம் பேசினதும் அவர் டிவி ஷோவுக்கு போன் போட்டு மனசுல இருந்ததக் கொட்டிட்டார். ஒரு டிராஃப்டுக்கு மூணு வாரம் முன்னாடி நம்ம டீம் இப்படியா தெருவுல நிக்கணும்? அவருக்குக் குடுக்க வேண்டியதக் குடுத்துட்டா அந்த ஓட்டை அடைபடும், 17-வது பிக் கார்டுக்கு மிச்சமாகும். நீங்க பேரம் பேசி மிச்சம் புடிக்கற காசுக்கு விலையா ஒவ்வொரு வருஷமும் ஒரு டிராஃப்ட் பிக் போயிட்டு இருக்கு, அதோட அடியை பர்ரோ முதுகு வாங்குது. சேஸுக்கு 161 மில்லியன், ஹிக்கின்ஸுக்கு 115 மில்லியன் கையெழுத்துப் போட்டீங்க, மனசார நன்றி, ரெண்டு பேரையும் விட்டிருந்தா இந்த ஊரு தாங்கியிருக்காது. ஆனா அவங்க ரெண்டு பேருக்கும் பந்து போய்ச் சேரணும்ல.

இவ்வளவு தூரம் வந்தாச்சு, மனசுல இருக்கற இன்னொண்ணையும் சொல்லிடறேன். ஹாமில்டன் கவுண்டில நாங்க வாங்கற சாமானுக்கெல்லாம் ஸ்டேடியத்துக்குன்னு டாலருக்கு அரை சென்ட் வரி 1996-ல ஓட்டுப் போட்டு வந்தது. அடுத்த வருஷம் ஜூன்ல குத்தகை முடியுது, புது குத்தகைக்கு கவுண்டிகிட்ட பேசிட்டு இருக்கீங்க. டீம் ஊர விட்டுப் போயிடுமோன்னு எங்கள யோசிக்க வைக்கற மாதிரி பேச்சு வேற வருது. லீக்லயே ரொம்பச் சின்ன ஸ்கவுட்டிங் குழு வச்சிருக்கற டீம்கள்ல நம்மளும் ஒண்ணு. ஊர்க்காரங்க அவங்க பங்கைக் குடுத்துட்டுதான் இருக்காங்க. டிராஃப்டுக்கு காலேஜ் காலேஜா போய்ப் பாக்கறதுக்கு நாலு ஆள கூடுதலா வைக்கச் சொல்ற உரிமை கூடவா எங்களுக்கு இல்ல? கோவத்துல ஒரு வார்த்தை கூடிப் போயிருந்தா பொறுத்துக்கோங்க.

மைக் ஐயா, இது உங்களுக்கு. உங்க அப்பா பால் பிரவுன் கிளீவ்லண்ட்ல கோச்சா இருந்தப்போ ஒவ்வொரு ப்ளேயையும் குவார்ட்டர்பேக்குக்கு கார்டுங்க மூலமாதான் சொல்லி அனுப்புவார். ரெண்டு பேர மாத்தி மாத்தி உள்ள விடுவார். அப்படி ஓடினவங்கள்ல ஒருத்தர் சக் நோல், பின்னால நம்ம எதிரி பிட்ஸ்பர்க்குக்கு நாலு சூப்பர் பவுல் வாங்கிக் குடுத்தவர். 1980-ல முழங்கால் ஆபரேஷன் பண்ணின ஆண்டனி முன்யோஸ மத்தவங்க யோசிச்சப்போ, ரோஸ் பவுல்ல அவர் ஆடினத உங்க குடும்பமே நேர்ல போய்ப் பாத்து மூணாவது பிக்ல எடுத்தீங்க. பதிமூணு சீசன் ஆடி ஹால் ஆஃப் ஃபேம் போனார். லைன்மேனோட அருமை உங்க வீட்டுக்குத் தெரியாததா?

ஆளுக்கும் இந்த வருஷம் பஞ்சமில்ல. அலபாமா டைலர் புக்கர் இருக்கார். நார்த் டகோட்டா ஸ்டேட் கிரே சேபல் சென்டர்ல கூட ஆடக்கூடியவர். நம்ம ஒஹாயோ ஸ்டேட் டொனோவன் ஜாக்சன், கார்டா இருந்தவர், சீசன் நடுவுல லெஃப்ட் டேக்கிளுக்கு அடிபட்டதும் அந்த எடத்துக்கு மாறி தேசிய சாம்பியன்ஷிப் வரைக்கும் தாங்கினார். கொலம்பஸ் இங்கிருந்து ரெண்டு மணி நேரம் கூட இல்ல. 17 இவங்களுக்கு சீக்கிரம்னு நிபுணருங்க சொல்வாங்க, சொல்லட்டும், கொஞ்சம் கீழ எறங்கி ஒரு பிக் கூடுதலா வாங்கிட்டு எடுத்தாலும் எங்களுக்கு சந்தோஷம்தான். அது நடக்கலன்னா வெள்ளிக்கிழமை 49-வது பிக்ல ஜார்ஜியா டேட் ராட்லெட்ஜ் மாதிரி ஒருத்தர் இருந்தா தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. மூணாவது ரவுண்டு, நாலாவது ரவுண்டுன்னு தள்ளிப் போடற பழக்கம் மட்டும் இந்த வருஷம் வேண்டாம்.

டோபின் சார், மிச்ச அஞ்சு பிக்கையும் டிஃபென்ஸுக்கே குடுங்க, எங்க கூட்டத்துல ஒருத்தரும் குறை சொல்ல மாட்டோம், நான் பொறுப்பு. ஹென்ட்ரிக்சன உக்கார வச்சுப் பேசி முடிங்க. முதல் ரெண்டு ரவுண்டுக்குள்ள ஒரு கார்டு எடுத்துக் குடுங்க. ரொம்பப் பணிவாக் கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ப்ளூ ஆஷ்ல இருந்து ஒரு பெங்கால்ஸ் ரசிகன்