நாடக ஒத்திகையும் பிள்ளைகளின் குறிப்பேடும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பள்ளி நாடகத்துக்கான ஒத்திகை தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. நாடகப் பாடம் எடுத்திருக்கும் பிள்ளைகள் ஒவ்வோர் ஒத்திகைக்குப் பிறகும் குறிப்பேடு எழுதுகிறார்கள். வாரக் கடைசியில் அது உங்கள் கையெழுத்துக்காக வீட்டுக்கு வருகிறது. "ஒரே காட்சியை எட்டு முறை செய்தோம், எட்டு முறையும் சரியாக வரவில்லை" என்றெல்லாம் அதில் இருப்பதைப் பார்த்து, பிள்ளைக்கு நடிப்பு வரவில்லையோ என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் எழுதச் சொன்னதே அதைத்தான். "இன்று ஒத்திகை நன்றாக இருந்தது" என்று மட்டும் எழுதிவரும் நோட்டுதான் எங்களைக் கவலைப்படுத்துகிறது.

குறிப்பேட்டில் கேள்விகள் மூன்றே. இன்று என்ன முயன்றேன், எது நடக்கவில்லை, அடுத்த முறை எதை மாற்றிப் பார்ப்பேன். ஐந்திலிருந்து எட்டு வரி போதும். ஆனால் அன்றிரவே எழுதிவிட வேண்டும். மறுநாளுக்குத் தள்ளினால் மேடையில் நடந்தது மறந்து, மனநிலை மட்டும் மிஞ்சும். ஒரு பிள்ளை இப்படி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "கடிதத்தைப் பிரிக்கும் முன்பே என் முகம் அழுகைக்குத் தயாராகிவிடுகிறது." இந்த ஒரு வரி பத்துப் பக்கத்துக்குச் சமம். அடுத்து வரப்போவது நடிப்பவருக்குத் தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது. புதிதாக நடிப்பவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். இதற்கு மருந்தும் எளிது. வெற்றுத்தாளுக்குப் பதிலாக, ஒவ்வோர் ஒத்திகையிலும் வேறு வேறு வாக்கியம் எழுதிய தாளை உறைக்குள் வைத்துக் கொடுப்போம். கண் வரியின் மேல் நிஜமாக ஓடும். முகம் அதற்குப் பிறகுதான் மாறும். அடுத்த வாரக் குறிப்பில் அது எப்படிப் போனது என்று அவளே எழுதுவாள். ஆகவே நோட்டில் எழுத்துப்பிழை திருத்த வேண்டாம், ஆறுதல் வரியும் சேர்க்க வேண்டாம். கையெழுத்து மட்டும் போதும்.

இனி கால அட்டவணை. மேடையில் ஒரு நிமிடத்துக்கு ஒரு மணிநேர ஒத்திகை என்பது நாடகக்காரர்களின் பழைய கணக்கு. நம் நாடகம் 35 நிமிடம். வாரம் 2 நாள், நாளுக்கு 2 மணிநேரம் என்று 9 வாரத்தில் 36 மணிநேரம் கிடைக்கிறது. முதல் வாரம் உட்கார்ந்து வாசித்தோம். இப்போது, நான்காம் வாரம் முடியும் வரை, யார் எங்கிருந்து வந்து எங்கே நிற்பது என்பதைத்தான் அமைக்கிறோம். நாடகப் பிரதியில் இந்தக் குறிப்புகளைப் பென்சிலில்தான் எழுத வேண்டும், பேனா கூடாது. பாதிக்கு மேல் மாறிவிடும். வலது, இடது என்பது பார்வையாளரைப் பார்த்து நிற்கும் நடிகரின் வலது, இடது.

மேடையின் அளவை வகுப்பறைத் தரையில் வண்ண நாடா ஒட்டிக் குறித்திருக்கிறோம். இந்த அளவைக் கோட்டைவிட்டால், அறையில் நாலு எட்டில் கடந்த இடம் மேடையில் ஏழு எட்டாகிவிடும். வசனம் முடிந்த பிறகும் பிள்ளை நடந்துகொண்டே இருக்கும்.

ஐந்தாம் வாரக் கடைசியில் பிரதியைக் கீழே வைத்துவிட வேண்டும். உங்கள் உதவி தேவைப்படுவது இங்கேதான், அது தப்பாகப் போகக்கூடியதும் இங்கேதான். பிள்ளைகள் தங்கள் வசனத்துக்கு மட்டும் கோடு போட்டு மனப்பாடம் செய்வார்கள். பரீட்சைக்குப் படித்துப் பழகிய பழக்கம் அது. மேடையில் அதனால் பயன் இல்லை. எதிராளி பேசி முடித்ததும் "இப்போது நானா?" என்று ஒரு நொடி யோசிப்பார்கள். நாடகத்தில் 200 வசனம் இருந்தால் 200 நொடி, அதாவது மூன்று நிமிடத்துக்கு மேல் வெறும் மௌனம். எனவே வீட்டில் முந்தைய வசனத்தின் கடைசி மூன்று நாலு சொற்களை நீங்கள் படியுங்கள், பிள்ளை தன் வசனத்தைச் சொல்லட்டும். நீங்கள் படிப்பது உணர்ச்சியில்லாமல், பெயர்ப்பட்டியல் வாசிப்பதுபோல இருக்கட்டும். மறந்துவிட்டால் மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொடுங்கள். அர்த்தம் சரிதானே என்று சொல் மாறுவதை விட்டுவிடாதீர்கள். அந்தச் சொல்லுக்காக அடுத்தவர் காத்துக்கொண்டிருப்பார்.

ஏற்ற இறக்கத்தோடு எப்படிச் சொல்வது என்று மட்டும் தயவுசெய்து சொல்லித்தர வேண்டாம். வீட்டில் பதிந்த ராகம் சுலபத்தில் போகாது. எதிரில் நிற்பவர் அன்று எப்படிப் பேசினாலும் பிள்ளை அதே ராகத்தில்தான் பதில் சொல்லும். உட்கார்ந்தே மனப்பாடம் செய்வதும் உதவாது, நடக்கத் தொடங்கியதும் வசனம் பறந்துவிடும். துணி மடித்துக்கொண்டோ நடந்துகொண்டோ சொல்லிப் பார்க்கட்டும்.

குரலைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. மூச்சு தீர்ந்து கடைசிச் சொல் அமுங்கினால் 'போகிறேன்' என்றாளா 'போகமாட்டேன்' என்றாளா என்று பின்வரிசைக்குத் தெரியாது. இன்னும் சத்தமாகக் கத்துவதால் இது சரியாகாது. வாக்கியத்துக்கு முன் மூச்சை எடுத்து, கடைசிச் சொல்வரை அதைப் பகிர்ந்து செலவிடப் பழக வேண்டும். தொண்டை கட்டியிருந்தால் அன்று ஒத்திகைக்கு வந்து பார்க்கட்டும், பேச வேண்டாம். கிசுகிசுவென்று பேசுவதும் தொண்டைக்கு ஓய்வு ஆகாது.

உடைகளை எட்டாம் வாரத்தில் கேட்போம். செருப்பை மட்டும் ஆறாம் வாரமே கொடுத்தனுப்புங்கள், காலணி மாறினால் நடை மாறும்.

ஒன்பதாம் வாரத்தின் முதல் ஒத்திகை முழுக்க விளக்குக்கும் ஒலிக்கும். நடிகர்கள் நின்று நின்று அலுத்துப்போவார்கள், அன்றைய குறிப்பேட்டில் புலம்பல் இருக்கும். ஆனாலும் அது வீண்வேலை அல்ல. தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்று சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையே சொல்கிறது. நமக்கு இன்றைக்கும் அதே பாடுதான். தலைக்கு நேர்மேலே ஒரே விளக்கு என்றால் கண்குழியில் நிழல் விழுந்து முகம் மறைந்துவிடும். முன்னாலிருந்து இரு பக்கமும் சுமார் 45 பாகைச் சாய்வில் ஒளி வர வேண்டும். அந்த ஒளிவட்டம் எங்கே முடிகிறது என்பதைப் பிள்ளைகள் காலால் தெரிந்துகொள்ளும் நாள் அது. கடைசி ஒத்திகை முழு உடையில், நிறுத்தாமல் நடக்கும்.

மேடையில் 12 பேர், திரைக்குப் பின்னால் 10 பேர். பின்னால் இருப்பது சின்ன வேலை என்று வீட்டில் யாரும் சொல்லிவிடாதீர்கள். காட்சிகளில் பயன்படும் பொருள்களை வைக்கும் மேசையில் ஒவ்வொரு பொருளுக்கும் கோடு வரைந்து பெயர் எழுதியிருக்கும். கோட்டுக்குள் கடிதம் இல்லையென்றால் மூன்றாம் காட்சியே இல்லை. அதைக் காட்சிக்கு முன் பார்த்து உறுதிசெய்யும் பிள்ளையும் குறிப்பேடு எழுதுகிறது, அதே அளவுகோலில்தான் மதிப்பெண்.

நாடகத்தன்று பிள்ளைகள் 90 நிமிடம் முன்னதாக வர வேண்டும். ஒப்பனைக்கு 40 நிமிடம், குரலும் உடலும் சூடேற 20 நிமிடம், மீதி பொருள்களைச் சரிபார்க்க. கைபேசியில் பிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள். இருட்டுக்குப் பழகிய கண் சில நொடி எதையும் பார்க்காது, மேடை விளிம்பு பக்கத்திலேயே இருக்கிறது. உடை ஒத்திகையில் எடுத்த படங்களை எல்லோருக்கும் அனுப்புகிறோம்.

கடைசிக் குறிப்பு நாடகம் முடிந்த இரவுக்கு அல்ல, மறுநாளுக்கு. கைதட்டலின் சூடு கொஞ்சம் ஆறட்டும் என்பதற்காக இந்த ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு. அதற்கு அடுத்த வேலைநாளில் உங்கள் கையெழுத்தோடு நோட்டைக் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்