ஒரு ஹேர்பின் போதும்

ஆசிரியருக்கு,

ஒன்பதாவது படிக்கும் என் மகள் 'தகடாகும் தன்மை, கம்பியாகும் தன்மை' என்று உலோகங்களின் பண்புகளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறாள். சரி, ஒரு கம்பியைத் திருப்பித் திருப்பி வளைத்தால் ஏன் ஒடிகிறது என்று கேட்டால் முழிக்கிறாள். அவளைச் சொல்லி என்ன, ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து கையெழுத்து வாங்குவதோடு பள்ளியில் செய்முறை முடிந்துபோகிறது.

நான் கோவையில் இரும்பைக் காய்ச்சிப் பதப்படுத்தும் பட்டறையில் வேலை பார்ப்பவன். போன ஞாயிறு வீட்டு கேஸ் அடுப்பில் நான்கு ஹேர்பின்களோடு உட்கார்ந்தோம். ஒன்றை அப்படியே வளைத்தாள், விட்டதும் நிமிர்ந்தது. இரண்டாவதைக் குறடால் பிடித்துச் சிவக்கக் காய்ச்சி, தீயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி ஆறவிட்டோம். வளைத்த இடத்திலேயே சொன்னபடி நின்றது. மூன்றாவதைச் சிவப்பு மாறுவதற்குள் தண்ணீரில் போட்டோம், தொட்டதும் முறுக்கு மாதிரி படக்கென்று ஒடிந்தது (துண்டு எகிறும், கண்ணாடி போடாமல் யாரும் இதைச் செய்ய வேண்டாம்). நான்காவதையும் அப்படியே தண்ணீரில் போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, தீக்கு மேலே தூக்கிப் பிடித்து மயில்கழுத்து நீலம் வரும்வரை இளஞ்சூடு காட்டினோம். மறுபடியும் ஸ்பிரிங்!

"ஒரே இரும்புதானேப்பா, எப்படி இத்தனை குணம்?" என்றாள். ஹேர்பின் இரும்பில் கொஞ்சம் கரி (கார்பன்) கலந்திருக்கும், சூடேறும்போது இரும்புக்குள் கரைந்துவிடும் அந்தக் கரி, திடீரென்று குளிர்ந்தால் வெளியே வர நேரமில்லாமல் சிக்கிக்கொள்கிறது, அந்த நெருக்கடிதான் இறுக்கம் என்று சொன்னேன். அப்புறம், இதே ஈரோடு பக்கம் கொடுமணலில் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்திருப்பதையும், நம் நாட்டு உருக்கு (ஸ்டீல்) எப்படி இவ்வளவு உறுதி என்று 1819-இல் லண்டனில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே ஆராய்ந்ததையும் சொன்னேன். அவரும் கொல்லர் வீட்டுப் பிள்ளைதான்.

ஒரு அட்டை ஹேர்பின், ஒரு பர்னர், குறடு, கிண்ணத்தில் தண்ணீர், ஆளுக்கொரு பாதுகாப்புக் கண்ணாடி. ஆசிரியர் பக்கத்தில் நின்றால் ஒரு பீரியடில் முடிகிற வேலை இது. கல்வித்துறை இதை ஒன்பதாம் வகுப்புச் செய்முறையில் சேர்க்க வேண்டும்.

கடைசியாகப் பழைய ஒயரிலிருந்து உருவிய செம்புக் கம்பியையும் காய்ச்சித் தண்ணீரில் போட்டாள், அது இன்னும் மிருதுவாகிவிட்டது. ஏன் இறுகவில்லை என்று திங்கட்கிழமை வகுப்பில் கேட்டிருக்கிறாள். போர்ஷனில் இல்லை, உட்கார் என்றார்களாம்.

இப்படிக்கு,
ஒரு பட்டறைத் தொழிலாளி,
கோவை